கண்ணுக்கு முன்னால் காது

தமிழில் 247 எழுத்து என்று சொல்லியே பல பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். பிள்ளையைச் சீனப்பள்ளிக்கோ தேசியப் பள்ளிக்கோ அனுப்பிவிட்டு, "தமிழ வீட்டுல சொல்லிக்குடுத்துக்கலாம்னு பாத்தோம், எங்கங்க முடியுது, எரநூத்திச் சொச்சம் எழுத்து" என்று சொல்கிற பெற்றோரைச் செமோரில் எந்தக் கல்யாண வீட்டிலும் சந்திக்கலாம். ஒன்பது மாதமாக ஓர் ஆறு வயதுப் பையனுக்கு வீட்டிலேயே தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எழுத்துகளைத் தாண்டுவதற்கு அவனுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான மேடு வந்தது. அந்த மேட்டைப் பற்றி அந்தக் கல்யாண வீடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பையன் என் அக்கா மகன். வீட்டில் எல்லாருக்கும் அவன் 'தம்பி'. அக்காவுக்கும் அத்தானுக்கும் ஈப்போவில் வேலை. பாலர் பள்ளி விட்டதும் தம்பி செமோரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான்; ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அவனை வந்து அழைத்துப்போவார்கள். செமோர், ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் போகிற சடக்கில் வரும் சின்ன ஊர். ஒரு பக்கம் கந்தான் சுண்ணாம்புக் குன்றுகள். சுற்றிலும் முன்பு கித்தா தோட்டங்களாக இருந்து, இப்போது செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்ட நிலம். அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பால் வெட்டிய என் பாட்டி இன்னும் எங்களோடு இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். தம்பிக்கு அவர் 'பெரிய பாட்டி'.

அடுத்த ஜனவரியில் தம்பி சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்கிறான். அது அக்கா எடுத்த முடிவு. படிப்பு முடித்து வேலை தேடிய காலத்தில் மூன்று நேர்காணல்களில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, மாண்டரின் தெரியுமா என்பதுதான். "எனக்கு நடந்தது அவனுக்கு நடக்கக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அம்மா எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் வீட்டில் சமையலறைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா, நான், அக்கா மூன்று பேருமே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: பள்ளி சீனம், வீடு தமிழ். 'வீடு தமிழ்' என்றால் யார் சொல்லிக்கொடுப்பது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷிஃப்ட் வேலை பார்க்கிற பொறியாளனுக்கு வாரத்தில் நான்கு மாலைகளாவது கிடைக்கும். அதோடு, வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவனும் நான்தான்.

முதலில் எழுத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 216 உயிர்மெய், ஆக 247. அட்டவணையாகச் சுவரில் ஒட்டினால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 216-ஐத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால், மேல்விலங்கு, அதன் சுழி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்தில் 'ள' போல வருகிற குறி என்று ஏழு அடையாளங்கள். மெய்க்கு ஒரு புள்ளி. ஒகரமும் ஓகாரமும் கொம்பும் காலும் சேர்ந்து வருபவை, புதிதாக எதுவுமில்லை. ஒழுங்குக்கு அடங்காதவை உகர ஊகார வரிசைகள் மட்டும்தான்: 18-ஐ இரண்டால் பெருக்கினால் 36. அதிலும் கு, டு, மு ஒரு குடும்பம். சு, பு, வு ஒரு குடும்பம். து, நு, லு ஒரு குடும்பம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கண் பழக வேண்டிய வடிவங்கள் 75 பக்கம் வரும். ஆறு வயதுப் பையன் இதைவிட அதிகமான டைனோசர்களின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறான்.

என் பாட்டி படித்த காலத்தில் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்கு அப்போது தனி வடிவம். பெரியார் பல வருடங்களாகத் தம் பத்திரிகைகளில் பயன்படுத்தி வந்த சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-ல் ஏற்றுக்கொண்ட பிறகு அவை மற்ற எழுத்துகளைப் போலவே ஆகிவிட்டன. பாட்டி தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இன்றைக்கும் 'லை' எழுதினால் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தைத்தான் போடுவார். "பெரிய பாட்டி யானை போடுறாங்க" என்று தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

பாலர் பள்ளியில் அவன் மலாயை ரூமி எழுத்தில் அசை அசையாக வாசிக்கப் பழகியிருந்தான். அது எனக்கு உதவியாகவும் இருந்தது, கொஞ்சம் இடைஞ்சலாகவும் இருந்தது. ரூமியில் எந்த ஒலி முதலில் வருகிறதோ அந்த எழுத்து முதலில் நிற்கும். தமிழில் 'பே' என்று எழுதினால் கொம்பு முதலில் நிற்கும், ஒலியில் பின்னால் வரும். "கொம்பு முன்னால ஓடி வந்துடும், ஆனா வாயத் தொறக்க அதுக்கு ரெண்டாவது சான்ஸ்தான்" என்று சொன்னேன். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. சிரித்துச் சிரித்தே அதைக் கடந்துவிட்டான். மூன்றாவது மாத முடிவில், எந்தத் தமிழ்ச் சொல்லைக் காட்டினாலும் எழுத்துக்கூட்டி ஒலித்துவிடுகிற நிலைக்கு வந்திருந்தான். அக்கா கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அத்தைமார்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

அதே வாரத்தில்தான் ஒரு சிறுவர் புத்தகத்திலிருந்து இந்த வாக்கியத்தைக் கொடுத்தேன்: "மரக்கிளையில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது." விரல் வைத்து, மூச்சு வாங்கி, ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்தான். "எங்க உக்காந்திருக்கு?" என்று கேட்டேன். விழித்தான். "எதுடா ஒக்காந்திருக்கு?" அதுவும் தெரியவில்லை. இன்னொரு முறை வாசித்தான். இன்னும் வேகமாக, இன்னும் சரியாக. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "மாமா, இது யாரு பேசுறது?"

நல்ல கேள்வி. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் யாருமே 'உட்கார்ந்திருக்கிறது' என்று பேசுவதில்லை. பாட்டி 'ஒக்காந்திருக்கு' என்பார். அம்மா, அக்கா, நான், எல்லாரும் அப்படித்தான். பேச்சில் எட்டெழுத்து. புத்தகத்தில் பதினோரு எழுத்து. இடையில் ஒரு 'ட்', ஒரு 'ர்', ஒரு 'கிற' எங்கிருந்தோ வந்து நிற்கின்றன. அவன் தமிழை வாசித்தான். ஆனால் அது அவனுடைய தமிழ் இல்லை.

வாசிப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளில் கஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் சொன்ன எளிய சூத்திரம் ஒன்று உண்டு. எழுத்தை ஒலியாக்கும் திறனையும், ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். அவர்கள் கூட்டல் போடவில்லை, பெருக்கல் போட்டார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எனக்குச் சூத்திரம் என்றால் சட்டென்று பிடிபடும். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கைதட்டியது முதல் எண்ணுக்கு. இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, தம்பிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. நாள் முழுக்கத் தமிழில் சண்டை போடுகிறவன்தான். அவனுக்குத் தெரியாதது எழுத்துத் தமிழின் ஓசை. அந்த ஓசை அவன் காதில் விழுந்ததே இல்லை.

பேசுவதற்கு ஒரு வடிவம், எழுதுவதற்கு ஒரு வடிவம் என்று ஒரே மொழி இரண்டாக நிற்பதை இரட்டை வழக்கு என்கிறோம். சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை மொழியியலில் பெயர் பெற்றது. அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைத்தி ஆகியவை அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்கள். தமிழும் அந்த வரிசையில் வைக்க வேண்டிய மொழிதான். இலக்கியம் படிக்கிற நமக்கு இது பழகிப்போன விஷயம். கதையில் உரையாடலைப் பேச்சு வழக்கிலும் விவரிப்பை எழுத்து வழக்கிலும் மாறி மாறி வாசிக்கிறோம், மாறுவதே தெரிவதில்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த மாற்றம் ஒரு கதவு. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது என்பதும் இங்கேதான் தெரிந்தது. அக்காவும் நானும் சின்ன வயதில் 'பீட்டர் அண்ட் ஜேன்' புத்தகங்களில்தான் ஆங்கிலம் வாசிக்கப் பழகினோம். லேடிபர்ட் நிறுவனம் 1964-லிருந்து வெளியிட்ட வரிசை அது. மலேசியாவில் அதைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. அதன் அடிப்படை ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் நாம் வாசிப்பதிலும் எழுதுவதிலும் கால்வாசியை 12 சொற்களே அடைத்துக்கொள்கின்றன. 100 சொற்கள் பாதியை. அவற்றைக் கண்ணில் பதியவைத்துவிட்டால் பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும். தமிழில் அந்தச் சின்னச் சொற்கள் தனியாக நிற்பதில்லை. மரம், மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கு என்று பெயரோடு ஒட்டிக்கொண்டு நீள்கின்றன. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண இங்கே குட்டிச் சொற்கள் குறைவு. நீளமான சொல்லை வாசித்து முடிக்கிற நேரத்தில் அதன் தலைப்பகுதி பிள்ளைக்கு மறந்துவிடுகிறது. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால், பாதி வாசிக்கும்போதே மீதி தானாக வந்து விழும்.

தமிழ் எழுத்தே காதை நம்பி வளர்ந்ததுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. 'பக்கம்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே க. ஆனால் மூன்று ஒலி. ரூமியில் கே, ஜி, எச் என்று மூன்று எழுத்துகளைப் பழகிய தம்பிக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. 'எப்பிடித் தெரியும்?' என்றான். சொல்லை முன்பே கேட்டிருந்தால் தெரியும், அவ்வளவுதான் பதில். ஓலைச்சுவடிக் காலத்தில் இது இன்னும் கடுமை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தெளிவான வேறுபாடு இருக்காது. அந்தச் சீரமைப்பைச் செய்தவர் 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்று படித்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அப்படிப்பட்ட ஓலையை வாசிக்க வேண்டுமென்றால் அந்த நூலின் நடை ஏற்கெனவே காதில் இருக்க வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லவைத்தார்கள். வாய்ப்பாடத்துக்கு அங்கே முதலிடம். அதை வெறும் மனப்பாடக் கல்வி என்று நாம் சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளையின் காதில் எழுத்துத் தமிழை இறக்குகிற வேலையையும் அது செய்திருக்கிறது.

எங்கள் தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816-ல் பினாங்கிலிருந்து கணக்கிடுகிறார்கள். தோட்டப்புறத்துக்குப் பள்ளிகள் பரவியது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்துக் கோடியில் ஓர் அறை, எல்லா வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்பது பாட்டி சொல்லும் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்போடு நின்றவர் எப்படி இன்றைக்கும் பத்திரிகைத் தலைப்புகளைப் புரிந்து வாசிக்கிறார்? கேட்டுப் பார்த்தேன். பள்ளியைவிடப் பள்ளிக்கு வெளியில் நடந்தவற்றைத்தான் அவர் அதிகம் சொன்னார். சாயங்காலம் லயத்து வாசலில் ஒருவர் 'தமிழ் நேசன்' வாசிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கோயிலில் திருவிழாக் காலத்தில் கதை படிப்பார்கள். பிறகு ரேடியோ வந்தது. இப்போது மின்னல் எஃப்.எம். என்று பெயர் பெற்றிருக்கிற அரசாங்க வானொலியின் தமிழ்ச் செய்தியை, பால் வெட்டிவிட்டு வந்து கஞ்சி குடிக்கிற நேரத்தில் கேட்பாராம். "செய்தி வாசிக்கிறவரு பேசுற மாரிதான் பேப்பர்லயும் இருக்கும். அதனால புரிஞ்சுது" என்றார். இத்தனை பக்கம் எழுதி நான் சொல்ல வருவதைப் பாட்டி இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழ் நேசன்' 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுவிட்டது. பாட்டியின் ரேடியோ அவர் அறையில் மெல்லிய சத்தத்தில் ஓடுகிறது. தம்பி பார்க்கிற யூடியூப் முழுக்க ஆங்கிலம். வீட்டில் அவன் கேட்கிற தமிழ், சாப்பாடு, குளியல், திட்டு, கொஞ்சல், இந்த நான்குக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஆசிரியர் வாயிலிருந்து நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் எழுத்துத் தமிழின் ஓசை கிடைக்கும். 1957-ல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அந்தக் கணக்கைக் கட்டடங்களின் கணக்காகவே பேசிப் பழகிவிட்டோம். பிள்ளைகளின் காதில் விழுகிற மணி நேரங்களின் கணக்காகவும் அதைப் பார்க்கலாம். சீனப்பள்ளிக்குப் போகப்போகிற தம்பிக்கு அந்த மணி நேரத்தை வீடுதான் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். கண்ணுக்கு அவனுடைய தமிழ். காதுக்குப் புத்தகத் தமிழ்.

கண்ணுக்கான பகுதியில் எனக்கு வழிகாட்டியவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியை. 1963-ல் வந்த 'டீச்சர்' என்ற நூலில் தன் முறையை விவரிக்கிறார். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக எழுதிய பாடப்புத்தகம் அந்தக் குழந்தைகளிடம் எடுபடவில்லை. அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'இன்னைக்கு உனக்கு எந்தச் சொல் வேணும்?' என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதி அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டார். பேய், முத்தம் போன்ற சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் மறந்துபோன சொல் பிள்ளைக்கு வேண்டாத சொல் என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

தம்பி கேட்ட முதல் சொல் 'காடி'. அடுத்தது 'பேய்'. பிறகு மைலோ, பூனை, பாட்டி, பட்டாசு, ரொட்டி சானாய். சட்டைப் பெட்டி ஒன்றில் இன்றைக்கு 140-க்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. பேச்சில் எப்படிச் சொல்கிறானோ அப்படியே எழுதிக்கொடுத்தேன். 'எல' என்றால் 'எல', 'கொட' என்றால் 'கொட'. அம்மாவுக்கு இது கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. "தப்புத் தப்பா எழுதிக்குடுத்தா அதுதான் மனசுல நிக்கும்" என்றார். அம்மாவின் கவலை நியாயமானது. ஆனால் எழுத்து என்பது நாம் பேசுவதைப் பிடித்து வைக்கிற ஒன்று என்ற எண்ணம் அவனுக்கு முதலில் வர வேண்டும் என்று நினைத்தேன். தன் வாயிலிருந்து வந்த சொல் அட்டையில் இருப்பதைப் பார்த்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம் அம்மாவைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது.

காதுக்கான பகுதி கதை. கிஜுபாய் பதேகா என்ற குஜராத்தி ஆசிரியர் 1930களின் தொடக்கத்தில் எழுதிய நூல் தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைக் கையில் எடுத்ததும் பாடத்தைத் தொடுவதில்லை. கதை சொல்ல ஆரம்பிக்கிறார். நான் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஒரே கதை, இரண்டு முறை. முதலில் பெரிய பாட்டி தோட்டத்துத் தமிழில் சொல்வார். பிறகு அதே கதையை நான் எழுத்துத் தமிழில் எழுதி வைத்து வாசிப்பேன். தம்பிக்குச் சாங் காஞ்சில் கதை பாலர் பள்ளியிலேயே மலாயில் தெரியும். ஆற்றைக் கடக்க முதலைகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவதாக ஏமாற்றுகிற சருகுமான். பாட்டி சொன்னால் 'மொதலங்க எல்லாம் வரிசையா நின்னுச்சுங்க.' நான் வாசித்தால் 'முதலைகள் எல்லாம் வரிசையாக நின்றன.' கதை முன்பே தெரிவதால் அவன் கவனம் முழுக்க ஓசை மாறுவதில் இருந்தது. "பாட்டி நின்னுச்சுங்கன்னு சொன்னாங்க, நீ நின்றனன்னு சொல்ற" என்று கண்டுபிடித்துச் சொன்னான். பாட்டி அறையில் செய்தி கேட்டிருந்ததால், அவனே அதற்குப் பெயரும் வைத்தான்: 'ரேடியோ தமிழ்'.

பெயர் கிடைத்த பிறகு வேலை சுலபமானது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தூரம் தாறுமாறானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உட்கார்ந்து பட்டியல் போட்டால் ஒழுங்கு தெரிகிறது. எல என்பது இலை, எடம் என்பது இடம், வெல என்பது விலை. கொட என்பது குடை, மொகம் என்பது முகம், ஒடம்பு என்பது உடம்பு. சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் எகரமும் ஒகரமும் ஆகிவிடுகின்றன. கடைசியில் நிற்கும் ஐ, அ ஆகிவிடுகிறது. ஆறு வயதுப் பையனுக்கு இலக்கணமாகச் சொல்ல முடியாது. விளையாட்டாகச் சொல்லலாம். காடியில் போகும்போது நான் 'கொட' என்பேன், அவன் 'ரேடியோ தமிழில்' 'குடை' என்பான். நான் 'மல' என்பேன், அவன் கந்தான் குன்றைக் காட்டி 'மலை' என்பான். ஒரு நாள் நான் 'கொசு' என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "குசு!" என்று கத்தினான். பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய பாட்டி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. ஆனால் எனக்கு அது பெரிய நாள். மனப்பாடம் செய்கிற பிள்ளை அந்தத் தவற்றைச் செய்யாது. விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் அதை அளவுக்கு மீறிப் போட்டுப் பார்க்கும்.

அக்காவுக்கு இதிலெல்லாம் ஒரு சலிப்பு இருக்கிறது. ஒரு நாள் நேராகவே கேட்டாள்: "மலாய், இங்கிலீஷ், அடுத்த வருஷம் மாண்டரின். அவன் தலையில இன்னும் எத்தனதான்டா ஏத்துவ? பேசத் தெரியுதுல்ல, போதாதா?" இதை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது. சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் வரப்போகின்றன. வீட்டுப்பாடம் வரும், டியூஷன் வரும். தமிழால் அவனுக்கு எந்த நேர்காணலிலும் வேலை கிடைக்கப்போவதில்லை.

நான் அவளிடம் மொழிப்பற்று பேசவில்லை. அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடாது. ஒன்றை மட்டும் சொன்னேன். பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாவிட்டால், இந்த வீட்டில் என்ன பேசுகிறோமோ அதுதான் அவனுக்குத் தமிழின் எல்லை. பசியாறிட்டியா, குளிச்சியா, சத்தம் போடாத. பதினைந்து வயதில் அவனுக்கு ஒரு துக்கமோ சந்தேகமோ வந்தால், அதைப் பேசுவதற்கு இந்தத் தமிழில் சொல் இருக்காது. அவன் வேறு மொழிக்குப் போய்விடுவான். பிறகு அம்மாவிடம் பேச அவனுக்கு என்ன மீதம் இருக்கும்? அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து, அவனை அழைத்துப்போக வருகிற இரவுகளில் ஒரு கால் மணி நேரம் முன்னதாக வந்து, கதை முடிகிற வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் குறைந்துவிட்ட பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் ஓர் அந்நிய மொழியாக வந்து நிற்கிறது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட பாலம் எதுவும் என் கண்ணில் படவில்லை. கடையில் கிடைப்பவை அரிச்சுவடியும் பயிற்சி நூலும். அரிச்சுவடிக்குப் பிறகு நேராக 'உட்கார்ந்திருக்கிறது.' இரண்டுக்கும் நடுவில் பேச்சில் தொடங்கி எழுத்தில் முடிகிற பத்துப் புத்தகங்கள் இருந்தால், செமோரில் மட்டும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். இந்த இதழை வாசிக்கிறவர்களில் கதை எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். உரையாடலைப் பேச்சிலும் விவரிப்பை எழுத்திலும் எழுதத் தெரிந்த அவர்களைவிட இந்தப் புத்தகங்களை எழுதப் பொருத்தமானவர்கள் வேறு யார்?

அதுவரைக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் செய்யக்கூடியது எளிமையானது. அட்டவணை வாங்குவதற்கு முன்னால் உரக்க வாசியுங்கள். சிறுவர் கதைதான் வேண்டும் என்றில்லை. பத்திரிகைச் செய்தி, கோயில் திருவிழா அறிக்கை, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. நாளைக்குப் பத்து நிமிடம். பிள்ளைக்குப் புரிகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்க வேண்டாம். ஓசை உள்ளே இறங்கட்டும். எழுத்து பின்னால் வரும். அதுவும் 75 வடிவம்தான்.

தம்பி இப்போது நான் எழுதிக்கொடுக்கிற அரைப் பக்கக் கதையைத் தானாக வாசித்து, பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்கிறான். சில நாள் சொன்னது தவறாகிவிட்டால், "இது நல்லால்ல, மாத்தி எழுது" என்கிறான். ஜனவரிக்குப் பிறகு மாண்டரின் வீட்டுப்பாடத்துக்கு நடுவில் இதற்கு எத்தனை மாலைகள் மிஞ்சும் என்று அக்காவும் நானும் இப்போதே நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். ஞாயிறு நிச்சயம். புதன் பார்க்கலாம்.